எலும்புக்கு ஸ்டெம் செல் ஊசியா? சேமநிதிப் பணத்தை எடுக்கும் முன் படியுங்கள்



சில காலமாகத் தோட்டத்து மருந்தகத்தில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "டிரெஸ்ஸர் ஐயா, ஸ்டெம் செல் ஊசி போட்டா எலும்புத் தேய்மானம் அடியோடு போயிடுமாமே, நெசந்தானா?" என்று கேட்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய் வருகிறவர்கள் துண்டுப் பிரசுரத்தோடு திரும்புகிறார்கள். பேரப்பிள்ளைகள் கைத்தொலைபேசியில் படம் காட்டுகிறார்கள். கோலெடுத்து நடந்த பாட்டி ஊசி போட்ட பிறகு துள்ளி ஓடுவதாக அந்தப் படத்தில் வருகிறது.

ஊசியின் விலையோ ஆயிரக்கணக்கான வெள்ளி. மருந்தகத்துக்கு வந்த ஓர் அம்மாள், முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், "சேமநிதிக் காசு கொஞ்சம் கெடக்குது, அதை எடுத்துப் போட்டுக்கலாமான்னு பாக்கிறேன்" என்றார். அந்தக் காசு விடியும் முன் எழுந்து, உளியைத் தீட்டி, வாளி சுமந்து சேர்த்த காசு. ஆகவே இந்த விஷயத்தை ஆதியோடந்தமாக நாம் தெரிந்துகொள்வது அவசியமாகும்.

எலும்புப்புரை என்றால் என்ன?

ஆஸ்டியோபொரோசிஸ் என்று டாக்டர்கள் சொல்வதைத் தமிழில் எலும்புப்புரை எனலாம். எலும்பு வெளியே முழுசாகத் தெரியும். உள்ளே கரையான் அரித்த பலகை போல் பொத்தல் விழுந்திருக்கும்.

எலும்பைக் கல்லு மாதிரி செத்த பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. எலும்பு உயிருள்ளது. பழைய லயத்து வீட்டைப் பழுது பார்ப்பதுபோல் அதற்குள் இரண்டு கூட்டம் ஓயாமல் வேலை செய்கிறது. ஒரு கூட்டம் உளுத்த பலகையைப் பெயர்த்து எடுக்கும். இன்னொரு கூட்டம் புதுப் பலகை அடிக்கும். இளவயதில் அடிக்கிற கூட்டத்தின் கை ஓங்கியிருக்கும். ஏறக்குறைய முப்பது வயதில் எலும்பு தன் முழு பலத்தை அடைகிறது. அதற்குப் பிறகு மெல்ல மெல்லச் சரிவுதான்.

பெண்களுக்கு மாதவிலக்கு நின்றதும் ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு குறைகிறது. அந்தச் சுரப்புத்தான் பெயர்க்கிற கூட்டத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்த மண்டோர். மண்டோர் போன பிறகு கேட்க வேண்டுமா? பெயர்ப்பது வேகமாகிறது, அடிப்பது பின்தங்குகிறது. ஆகவேதான் இந்த நோய் பெண்களை அதிகம் பிடிக்கிறது. ஆண்களும் தப்பிவிடுவதில்லை. வயது ஏற ஏற அவர்களுக்கும் வரும். குடி, புகை உள்ளவர்களுக்கு முந்தியே வரும்.

நம் நாட்டில் 1996, 1997ஆம் ஆண்டுகளில் எடுத்த கணக்குப்படி, 50 வயதுக்கு மேற்பட்ட 1 லட்சம் பேரில் வருடத்துக்குச் சுமார் 90 பேருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. நாட்டில் முதியோர் தொகை பெருகி வருகிறது. 2018இலிருந்து 2050க்குள் மலேசியாவில் இந்த முறிவு மூன்றரை மடங்காகும் என்று ஆசிய நாடுகளின் எலும்பு நிபுணர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். இடுப்பு முறிவு சாதாரண விஷயமல்ல. முறிந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் இறந்து போகிறார். பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி நடப்பதில்லை.

மூட்டு வலி வேறு, எலும்புப்புரை வேறு

இங்கேதான் நம் மக்கள் குழம்புகிறார்கள். முழங்கால் வலித்தாலும் "எலும்புத் தேய்மானம்" என்கிறோம், எலும்பு பொத்தலானாலும் அதையே சொல்கிறோம். முழங்கால் மூட்டில் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு தேய்வது மூட்டுத் தேய்மானம். அது வலிக்கும், வீங்கும், உட்கார்ந்து எழுந்தால் கடகடவென்று சத்தம் போடும். எலும்புப்புரையோ சத்தமில்லாமல் வரும். முறியும் வரை பெரும்பாலும் வலியே இராது.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? முதுகு கூன் விழுகிறதா? உயரம் குறைந்து, முன்பு அளவாக இருந்த சேலை இப்போது தரையில் இழுபடுகிறதா? சின்னதாய் வழுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்ததா? ஒரு வாளியைத் தூக்கியதும் முதுகில் சுருக்கென்று பிடித்து, வாரக் கணக்கில் வலி விடவில்லையா? இவைதான் அடையாளம். "வயசானா இப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது.

இரண்டு நோய்க்கும் ஒரே ஊசி என்று எவராவது சொன்னால், அங்கேயே உங்களுக்குச் சந்தேகம் வர வேண்டும்.

ஸ்டெம் செல் என்பது யாது?

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மரத்தின் உச்சியில் குருத்து இருக்கிறது. ஓலையும் பூவும் குலையும் அதிலிருந்துதான் புறப்பட வேண்டும். காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்து அழித்துவிட்டால் அந்த மரம் அவ்வளவுதான். நம் உடம்பிலும் இப்படிப்பட்ட குருத்து அணுக்கள் உண்டு. அவை தம்மைப்போல் இன்னொன்றை உண்டாக்கும். வேறு வகை அணுக்களாகவும் மாறும். அதனால் தமிழில் இவற்றைக் குருத்தணு என்கிறார்கள். ஆங்கிலத்தில் ஸ்டெம் செல்.

எலும்பின் நடுவில் இருக்கும் மஜ்ஜையில் இரண்டு வகைக் குருத்தணு உண்டு. ஒன்று இரத்தத்தை உண்டாக்குவது. கனடா நாட்டு டொரொன்டோவில் டில், மெக்கல்லக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1961இல் இதை நிரூபித்தார்கள். மற்றது எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகியவற்றை உண்டாக்குவது. ரஷ்ய விஞ்ஞானி பிரீடன்ஸ்டைன் 1960, 70ஆம் ஆண்டுகளில் இதைப் பற்றி ஆராய்ந்து காட்டினார்.

இந்த இரண்டாம் வகைதான் நம் விஷயத்துக்கு முக்கியம். வயதாக ஆக, எலும்பு கட்டப் போக வேண்டிய குருத்தணுக்கள் கொழுப்பாக மாறிவிடுகின்றன. கட்டுகிற கூட்டத்துக்கு ஆள் குறைகிறது. "ஆள் குறைந்தால் வெளியிலிருந்து ஆள் கொண்டு வந்தால் என்ன?" என்று விஞ்ஞானிகள் கேட்டார்கள். ஸ்டெம் செல் சிகிச்சையின் முழு யோசனையும் இந்த ஒரு கேள்விதான். யோசனை தவறானதல்ல, நல்ல யோசனைதான்.

நிரூபணமானது எது?

இரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற இரத்த நோய்களுக்குக் குருத்தணுச் சிகிச்சை நிரூபணமாகிப் பல வருடமாகிறது. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதுவேதான். இதற்கு வழி வகுத்த அமெரிக்க டாக்டர் தாமஸுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் 1986இல் இச்சிகிச்சை ஆரம்பமானது. நம் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1987இல் முதன்முதலாகச் செய்தார்கள். எத்தனையோ பிள்ளைகள் இதனால் உயிர் பிழைத்திருக்கிறார்கள்.

இந்த நல்ல பெயரைத்தான் சிலர் கடன் வாங்கி வியாபாரம் செய்கிறார்கள். இரத்த நோய்க்குப் பலன் கண்ட சிகிச்சை எலும்புக்கும் பலிக்கும் என்று அர்த்தமாகாது. பால்மரத்துக்குப் போடுகிற உரத்தைக் கத்தரிச் செடிக்குக் கொட்டினால் காய்க்குமா?

எலும்புக்கு எதுவரை வந்திருக்கிறது?

2016இல் கனடா விஞ்ஞானிகள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். வயதானதால் எலும்புப்புரை வரும் எலிகளுக்கு, ஆரோக்கியமான எலிகளின் குருத்தணுக்களை ஒரே ஒரு தடவை ஊசியாகப் போட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த எலிகளின் எலும்பு நல்ல நிலையில் இருந்தது. எலி வாழ்வதே ஏறக்குறைய இரண்டு வருடம் என்பதால், ஆறு மாதம் அதற்கு நீண்ட காலம். உலகமே இதை ஆவலோடு பார்த்தது. நியாயமான ஆவல்தான்.

மனிதரிடத்தில், இதற்கு நெருங்கிய இன்னொரு நோயில் முயற்சி நடந்திருக்கிறது. பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோய் ஒன்று உண்டு. தூக்கி அணைத்தாலே குழந்தைக்கு எலும்பு முறியும். 1999இல் அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்து டாக்டர்கள் இந்த நோயுள்ள மூன்று குழந்தைகளுக்கு மஜ்ஜை மாற்றிய முடிவை வெளியிட்டார்கள். புது எலும்பு உண்டானது, முறிவு குறைந்தது. ஆனால் பிற்பாடு வளர்ச்சியின் வேகம் தளர்ந்தது. அண்மைக் காலத்தில் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனமும் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியும் இதே நோயுள்ள குழந்தைகளுக்குக் குருத்தணு ஊசி கொடுத்துப் பரிசோதித்து வருகின்றன. நம் பாட்டன் பூட்டன் கப்பலேறிய ஊர்ப்பக்கத்தில் இந்த வேலை நடக்கிறது என்பது நமக்குப் பெருமை. ஆனால் அங்கேயும் அதன் பெயர் பரிசோதனைதான்.

நம் பக்கத்திலும் ஆராய்ச்சி இல்லாமலில்லை. செராஸில் உள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் திசு வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதே பல்கலைக்கழக விஞ்ஞானிகள், நாம் குலை வெட்டும் செம்பனையின் எண்ணெயிலிருந்து டொக்கோட்ரைனால் என்ற சத்தைப் பிரித்து, எலிகளின் எலும்புக்கு அது நல்லதா என்று பல வருடமாகப் பார்த்து வருகிறார்கள். உடனே "அப்படின்னா பலகாரம் நெறைய பொரிச்சு சாப்பிடலாம்" என்று கிளம்பிவிடாதீர்கள்! பிரித்தெடுத்த சத்து வேறு, வாணலி எண்ணெய் வேறு.

எலியிலிருந்து மனிதருக்கு ஏன் இவ்வளவு தூரம்?

முதலாவது, நரம்பில் ஏற்றும் குருத்தணுக்கள் நேரே எலும்புக்குப் போவதில்லை. பெரும் பகுதி நுரையீரலிலேயே சிக்கிக்கொள்கிறது. இரண்டாவது, போய்ச் சேர்ந்தவையும் எத்தனை நாள் தங்கும், எலும்பாக மாறுமா என்பதற்கு உறுதி கிடையாது. மூன்றாவது, அணுக்களை வெளியே வளர்க்கும்போது கிருமி கலந்தால் இரத்தம் முழுவதும் விஷமாகும். அணு கட்டுக்கடங்காமல் வளர்ந்தால் கட்டியாகும் பயமும் உண்டு.

2015இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் என்ன நடந்தது தெரியுமா? பார்வை மங்கிய மூன்று முதிய பெண்மணிகளின் வயிற்றுக் கொழுப்பிலிருந்து அணுக்களை எடுத்து, ஸ்டெம் செல் என்று சொல்லி, இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் ஊசி போட்டார்கள். ஆளுக்கு 5,000 டாலர் கட்டணம். மூவருமே இருந்த பார்வையையும் பெரும்பாலும் இழந்தார்கள். இவ்விவரத்தை டாக்டர்கள் 2017இல் மருத்துவப் பத்திரிகையில் எழுதி உலகத்தை எச்சரித்தார்கள். வல்லரசு நாட்டிலேயே இந்தக் கதி.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

மலேசிய சுகாதார அமைச்சு 2009இல் ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்கும் வழிகாட்டி வெளியிட்டது. இரத்த நோய் போன்ற நிரூபணமானவை தவிர மற்றவை முறையான பரிசோதனையாகத்தான் நடக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. இந்தியாவும் 2017ஆம் ஆண்டு வழிகாட்டியில் இதே போலக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. 2021 தொடங்கி, உயிரணு மருந்துகளும் மற்ற மருந்துகளைப்போல் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தில் பதிவாக வேண்டும். நம் நாட்டின் எலும்புப்புரைச் சிகிச்சை வழிகாட்டி, 2022இல் புதுப்பித்தது, ஸ்டெம் செல்லை ஒரு சிகிச்சையாகச் சேர்க்கவில்லை.

ஆகவே எவராவது உங்களிடம் இந்த ஊசியை விற்க வந்தால், கூச்சப்படாமல் கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள்:

1. இது பதிவு பெற்ற மருந்தா? பதிவு எண் என்ன?

2. இது பரிசோதனை என்றால், மருத்துவ ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் எங்கே? பரிசோதனை மருந்துக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?

3. ஊசி போடுகிறவர் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவான டாக்டரா? எலும்பு நிபுணரா? இடம் உரிமம் பெற்ற மருத்துவமனையா, அல்லது அழகு நிலையமா?

4. அணு எங்கிருந்து எடுத்தது? என் உடம்பிலிருந்தா, வேறொருவரிடமிருந்தா, ஆட்டிடமிருந்தா?

5. ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? அதை எழுத்தில் தருவீர்களா?

இந்த ஐந்துக்கும் பதில் சொல்லாமல் "இன்னைக்கே கட்டினா பாதி விலை" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். ஆட்டு நஞ்சுக்கொடி மாத்திரை, ஆப்பிள் ஸ்டெம் செல் தூள் என்று உறுப்பினர் சேர்த்து விற்பார்களே, அவற்றுக்கும் இதே பதில்தான். வாய்வழி விழுங்கிய அணு வயிற்றில் சோறுபோல் செரித்துவிடும். எலும்புக்குப் போய்ச் சேராது.

இப்போதே கிடைக்கும் உதவி

மகிழ்ச்சியான செய்தி யாதெனில், எலும்புப்புரைக்கு நிரூபணமான மருந்துகள் இப்போதே உண்டு. அதற்குச் சேமநிதியை உடைக்க வேண்டியதில்லை. அரசாங்க கிளினிக்கில் தொடங்கலாம்.

முதலில் வீட்டிலேயே ஒரு கணக்குப் போடுங்கள். இது மாதவிலக்கு நின்ற ஆசியப் பெண்களுக்காக ஏற்பட்ட கணக்கு. உங்கள் எடையிலிருந்து வயதைக் கழித்து, வருவதை 0.2ஆல் பெருக்குங்கள். எடை 45 கிலோ, வயது 67 என்றால், 45இல் 67 கழிய -22. அதை 0.2ஆல் பெருக்க -4.4. விடை -4க்கும் கீழே போனால் ஆபத்து அதிகம். -1க்கும் -4க்கும் இடையில் என்றால் நடுத்தரம். -1க்கு மேல் என்றால் குறைவு. கணக்குத் தெரியாத பாட்டிக்குப் பேரப்பிள்ளை போட்டுக் கொடுக்கட்டும்.

விடை மோசமாக இருந்தாலோ, முன்பு எலும்பு முறிந்திருந்தாலோ, கிளினிக்கில் சொல்லுங்கள். அவர்கள் எலும்பு அடர்த்தி ஸ்கேனுக்குப் பெரிய மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். படுத்திருந்தால் போதும், வலி கிடையாது. அளவு -2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை என்று அர்த்தம்.

அலென்ட்ரோனேட் என்ற மாத்திரை பெயர்க்கிற கூட்டத்தை அடக்கும். பொதுவாக வாரம் ஒன்று. காலையில் வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். காப்பி, டீ கூடாது. விழுங்கிய பின் அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது. படுத்தால் தொண்டைக்குழாய் புண்ணாகும். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வருடம் ஒரு தடவை நரம்பில் ஏற்றும் மருந்தும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. அந்த ஆறு மாத ஊசியை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் முதுகெலும்பு அடுத்தடுத்து நொறுங்கலாம். பல் பிடுங்கப் போனால் இம்மருந்துகளைச் சாப்பிடுவதைப் பல் டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

சாப்பாடும் நடையும்

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஒரு கிளாஸ் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவு உண்டு. நெத்திலியைத் தலையோடு முள்ளோடு சாப்பிடுங்கள். தாஹு, தயிர், முருங்கைக் கீரை, எள்ளு எல்லாம் நல்லவை. தேத்தண்ணீரில் ஊற்றுகிற இனிப்பு டின் பாலைப் பால் என்று நம்பாதீர்கள், அதில் சீனியே மிகுதி.

வெயில் பட்டால் தோலில் வைட்டமின் டி உண்டாகும். தோட்டம் வீடமைப்பாக மாறி, கிள்ளான் பள்ளத்தாக்கு அடுக்குமாடியில் குடியேறிய நம் பெரியவர்கள் பலர் வீட்டைவிட்டு இறங்குவதே இல்லை. வருடம் முழுதும் வெயிலடிக்கிற நாட்டில் இந்தச் சத்துக் குறைவு இருப்பது வெட்கக்கேடு! காலையில் கீழே இறங்கி அரை மணி நேரம் நடங்கள். பாரம் தாங்கி நடக்கும்போதுதான் எலும்புக்கு உரம் ஏறும்.

வீட்டில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளியலறையில் பாசி சேர விடாதீர்கள். கைப்பிடி ஒன்று அடித்து வையுங்கள். இரவில் எழுந்து போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். தேய்ந்த சிலிப்பரைத் தூக்கிப் போடுங்கள். வேலையில் விழுந்தால் மறைக்காமல் உடனே தெரிவித்துச் சொக்சோவுக்கு எழுத வையுங்கள். அது உங்கள் உரிமை.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்கிறேன். இரவுச் சந்தையில் விற்கும் மூட்டுவலி ஜாமுவும் பெயர் தெரியாத மாத்திரையும் சாப்பிட்டதும் வலி பறந்துவிடும். இப்படிப்பட்ட சரக்குகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மாதக் கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டால் எலும்பு பொத்தலாகும். வலிக்கு மருந்து என்று வாங்கி, எலும்புப்புரையை நாமே விலை கொடுத்து வரவழைக்கிறோம். மருந்துப் பெட்டியில் மால் என்று தொடங்கும் பதிவு எண்ணும் மின்னும் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் தொடாதீர்கள்.

தோழர்களே! குருத்தணு ஆராய்ச்சியை நான் பழிக்கவில்லை. நம் பிள்ளைகள் காலத்தில் அது எலும்புப்புரைக்கு நல்ல மருந்தாக வரலாம். வந்தால் அரசாங்க மருத்துவமனையிலேயே கேட்டு வாங்குவோம். அதுவரை, பிரசுரத்தோடு வருகிறவரிடம் கையெழுத்துப் போடும் முன், அந்தக் காகிதத்தை உங்கள் தோட்ட மருந்தகத்துக்கோ சங்கத்தின் தோட்டக் கமிட்டித் தலைவரிடமோ எடுத்து வாருங்கள். உட்கார்ந்து ஒன்றாகப் படிப்போம். கேட்பதற்குக் காசு இல்லை.

அடுத்த இதழில்: நீரிழிவுக்காரர்கள் காலைப் பாதுகாப்பது எப்படி?